பேட்டரிப் பெட்டிக் கீரை

எங்கள் வீட்டு முன்னறைக்குள் குழந்தை காலெடுத்து வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான். வெறும் வாய்ச்சட்டம் இல்லை. நிலைப்படியில் சிவப்புப் பெயின்ட்டால் கோடே இழுத்து வைத்தேன். அந்தக் கோட்டை அவள் தாண்டி, அதை யாராவது பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், அவர் என் வாயில் விழ வேண்டியதுதான். என் வாய் எப்படிப்பட்டது என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முன்னறைதான் என் வீட்டுக்காரரின் கடை. செத்துப்போன கார் பேட்டரிகளைக் கொண்டுவந்து வைப்பார்கள். அவர் மூடிகளைத் திறந்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் போட்டு, உயிர் கொடுத்து அனுப்புவார். எத்தனை சார்ஜ் போட்டாலும் கண் திறக்காத பேட்டரிகள் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போகும். அங்கே அவரும் அவர் தம்பியும் அவற்றை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளை உருவி, சாக்கில் கட்டி, பழைய ஈயம் எடுக்கிறவருக்குப் போடுவார்கள். முன்னால் கடை, பின்னால் கொட்டகை, நடுவில் நாங்கள். இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும்.

சட்டம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். மகளுக்கு அப்போது ஒரு வயது. முன்னறையில் பாய் விரித்து உட்கார வைத்திருந்தேன், எதிரே அப்பாவும் சித்தப்பாவும் வேலை பார்ப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். பசிக்கு அழுதாள் என்று தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அடுப்படிக்கு வந்து சேரவில்லை, பின்னால் டப்பென்று ஒரு சத்தம். சுவிட்சை அணைக்காமல் என் கொழுந்தன் சார்ஜர் கிளிப்பைப் பிடுங்கியிருக்கிறான். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஒரு வாயு வரும், பார்க்கவும் முடியாது, மோந்தாலும் தெரியாது. ஒரு பொறி போதும் அதற்கு. பேட்டரியின் மேல்பாகம் பிய்த்துக்கொண்டு போய் உத்தரத்தில் இடித்து விழுந்தது. உள்ளே இருந்த ஆசிட் மொத்தமும் அவன் முகத்தில். என் வீட்டுக்காரர் அவன் தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீர் டிரம்முக்குள் முக்கினார். அப்படியும் வலது கண் போய்விட்டது.

பாய் இருந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். பாயில் சல்லடை மாதிரி ஓட்டைகள்.

கொழுந்தன் லேசுப்பட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்த அன்றைக்கே, "அண்ணி, இனிமே நான் யார் மேல கண்ணு வெச்சாலும் பாதிதான் பலிக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத்தான் பெயின்ட் டப்பாவை எடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே ஆசிட்டைச் சுற்றித்தான். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிளிப்பில் கை வைக்க வேண்டும். ஜன்னல் இரண்டும் திறந்திருக்க வேண்டும். டிரம்மில் தண்ணீர் குறையக் கூடாது. தீக்குச்சி கிழிப்பவன் அந்தக் குச்சியோடு தெருவுக்குப் போக வேண்டியதுதான். மூலைக்கு மூலை சோடா மாவு டப்பா வைத்தேன். ஆசிட் சிந்திய இடத்தில் சோடாவைத் தூவினால் புஸ்ஸென்று நுரைக்கும். நுரை அடங்கும்வரை தூவிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை நின்றால் ஆசிட் செத்தது. ஆசிட் செத்தால் ஆபத்து இல்லை. இதுதான் எங்கள் வீட்டு வேதம். அவர் சட்டையைக்கூடச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து, நுரை நின்ற பிறகுதான் மற்ற துணிகளோடு சேர்ப்பேன்.

ஆசிட்டிடம் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அது ஒளித்து வைத்து எதையும் செய்வதில்லை. புடவையில் பட்டால் ஓட்டை, தோலில் பட்டால் எரிச்சல். வந்தேன் என்று சொல்லிவிட்டு வருகிற எதிரி.

சரி, முன்னறை கூடாது என்றால் குழந்தை எங்கே விளையாடும்? பின்பக்கம். கொட்டகையிலிருந்து பத்தடி தள்ளி, மதிலை ஒட்டி ஒரு மூலை. மதில் நிழல் நாள் முழுக்க விழும். கதவைச் சாத்திவிட்டால் வெளியே ஓட முடியாது. மண் சாம்பல் நிறத்தில், சலித்த மாவு மாதிரி மெத்தென்று இருக்கும். கல்யாணமான புதிதில் அவர் அந்த மூலையில்தான் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றி ஈயத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். புகை என் கொடியில் காயும் துணியில் எல்லாம் படிகிறது என்று நான் போட்ட சண்டையில் காய்ச்சுவதை நிறுத்தி, தகடாகவே போட ஆரம்பித்தார். அடுப்பை இடித்து, கசடையும் சாம்பலையும் மண்ணோடு கலந்து பரப்பி, மட்டம் செய்தவளும் நான்தான்.

அங்கே அவளை உட்கார வைத்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையும் கரண்டியும் கொடுத்துவிட்டால் என் வேலையை நான் பார்க்கலாம். "முன்னாடி போகாத. பின்னாடி போய் விளையாடு." ஒரு நாளைக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

அவளுக்கு வீட்டில் பெயர் வாயாடி. என் பெண் வேறு எப்படி இருப்பாள்? மண்ணைக் குழைத்துச் சமையல் செய்து, இல்லாத விருந்தாளிகளுக்கெல்லாம் பரிமாறி, சாப்பிடாதவர்களைத் திட்டவும் செய்வாள். சித்தப்பாவைக் கூப்பிட்டு ஒற்றைக் கண்ணை மூடச் சொல்லி, "இப்ப நான் எங்க இருக்கேன்?" என்பாள். "ஐயோ, காணோமே" என்பான் அவன்.

ஐந்து வயது நெருங்கும்போது வயிற்றைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். மூன்று நாளைக்கு ஒரு தரம் வெளிக்குப் போவதே பெரும்பாடு. சோற்றைத் தள்ளிவிடுவாள். தொட்டதற்கெல்லாம் கத்துவாள், கத்தி முடித்துவிட்டு மதிலில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருப்பாள். மருந்துக்கடைக்காரர் பூச்சி மருந்து கொடுத்தார். பூச்சியும் விழவில்லை, வலியும் போகவில்லை. தெருமுனை டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தம் கம்மி. கீரை குடுங்கம்மா. தினமும் குடுங்க" என்றார்.

டாக்டர் சொன்னதை நான் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வண்டிக்காரனிடம் வாங்கிய கீரையை அவள் துப்பினாள். கண்ட சாக்கடைத் தண்ணீரில் விளைந்ததோ என்னவோ, எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. நானே போடுகிறேன் என்று இறங்கினேன்.

கொட்டகையில் லாரி பேட்டரிப் பெட்டிகள் காலியாகக் கிடந்தன. கனத்த கருப்புப் பெட்டிகள். உள்ளே தடுப்பு வைத்து ஒவ்வொன்றிலும் ஆறு அறைகள். கீரைக்கென்றே செய்த மாதிரி இருந்தன. ஐந்தைப் பொறுக்கி எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, சோடா கரைத்துக் கழுவினேன். முதல் தரம் நுரைத்தது. இரண்டாம் தரம் லேசாக நுரைத்தது. மூன்றாம் தரம் ஒரு குமிழிகூட இல்லை. திருப்திக்கு நாலாம் தரமும் கழுவினேன். பிறகு மண். வீட்டைச் சுற்றி எல்லாம் கல்லும் காரையும். பொலபொலவென்று இருந்தது அந்த மூலை மண்தான். அதை அள்ளி, எருவைக் கலந்து, முப்பது அறைகளிலும் நிரப்பினேன்.

என் வீட்டுக்காரர் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மூலை மண்ணா?" என்றார்.

"ஏன், அதுக்கென்ன?"

"இல்ல... பெட்டிய நல்லா கழுவினியா?"

"நாலு தரம். நுரை நின்னாச்சு. வேணும்னா நீங்க ஒரு தரம் நக்கிப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். பேசுவதெல்லாம் அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

கீரை என்னமாய் வந்தது! தினம் காலையில் வாயாடியும் நானும் போய்க் கிள்ளுவோம். கிள்ளிய கையோடு அவள் அறைகளை எண்ணுவாள். ஒன்று, இரண்டு என்று தொடங்கி ஐந்தாவது பெட்டியின் கடைசி அறையில் "முப்பது!" என்று கத்துவாள். வண்டிக்காரனின் கீரைக்குக் கடைக் கீரை என்று பெயர், பெட்டிக் கீரைக்கு அம்மா கீரை. அம்மா கீரை என்றால் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். நான் பிசைந்து பிசைந்து ஊட்டினேன். அவள் பசிக்காமல் வாயை மூடிய நாளில் கதை சொல்லி, கெஞ்சி, மிரட்டி, ஒரு வாய் கூடுதலாகவே ஊட்டினேன். டாக்டர் தினமும் என்றாரே.

பள்ளிக்கூடம் சேர்த்த இரண்டாம் மாசம் டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் பெண் யார் வாயையோ கிழித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போனேன்.

"உங்க பொண்ணு பேசவே மாட்டேங்குறாளேம்மா" என்றார் டீச்சரம்மா. "பக்கத்துப் பிள்ளை என்ன கேட்டாலும் சும்மா பாக்குறா. பன்னெண்டு வரைக்கும் எண்ணிட்டு நின்னுடுறா."

"அவளா? முப்பது வரைக்கும் எண்ணுவாளே."

"வீட்ல எண்ணச் சொல்லிப் பாருங்க."

அன்றைக்குச் சாயங்காலமே பெட்டிகள் முன்னால் நிறுத்தினேன். முதல் பெட்டி ஆறு. இரண்டாம் பெட்டியில் பன்னிரண்டு. மூன்றாம் பெட்டிக்கு முன்னால் விரலை நீட்டியபடி நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்துத் தொடையில் ஒன்று வைத்தேன். அழவில்லை.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், மூன்று பேரும். சின்ன வயசு டாக்டர்ப் பெண். குழந்தையைப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள். நான் மூச்சு வாங்கிய நேரத்தில் என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு அடிக்கடி வயிறு வலிக்குமா?" என்றாள்.

"அது கெடக்குதும்மா. வேலை செய்யுற உடம்பு."

"வாயத் திறங்க."

குழந்தைக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் இவர் வாயை எதற்குத் திறக்கிறாள் என்று எனக்கு எரிச்சல். அவள் டார்ச் அடித்து, உதட்டை விலக்கி, ஈறைப் பார்த்தாள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் பென்சிலால் கோடு இழுத்த மாதிரி நீலக் கருப்பாக ஓர் ஓரம். தினம் பார்க்கிற வாய். வெற்றிலையா, அழுக்கா என்றுகூட நான் யோசித்ததில்லை.

"என்ன வேலை பண்றீங்க?"

"பேட்டரி வேலைம்மா."

டாக்டர்ப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

ரத்தம் எடுத்தார்கள். நாலாம் நாள் கூப்பிட்டுச் சொன்னார்கள். குழந்தையின் ரத்தத்தில் ஈயம். "இவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு ஒரு அளவே கிடையாதும்மா. இருக்கவே கூடாது. இவளுக்கு அம்பத்திரெண்டு இருக்கு." மருந்து கொடுத்தால் ரத்தத்தில் இருப்பது இறங்கும் என்றாள். எலும்பில் போய் உட்கார்ந்தது சீக்கிரம் இறங்காது. மூளையில் பட்டது என்ன ஆகும் என்று கேட்டேன். "எங்கேருந்து போகுதோ அதை முதல்ல நிறுத்தணும். நிறுத்தலைன்னா எந்த மருந்தும் வேலைக்கு ஆகாது" என்றாள்.

எங்கேருந்து என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வீடு வந்து சேர்ந்த அந்த நிமிஷத்தில் ஆரம்பித்தேன். இத்தனை வருஷமும் அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். எவ்வளவு சண்டையிலும் அது மாறியதில்லை. அன்றைக்கு மாறியது.

"நீதான்யா பண்ணின. ஒன் சட்டையில கொண்டுவந்த, ஒன் கையில கொண்டுவந்த. புள்ளயத் தூக்கிக் கொஞ்சுற சாக்குல வெஷத்த அப்பி விட்டிருக்க. ஒந்தம்பி கண்ண எடுத்த, இப்ப எம்புள்ள மூளைய எடுத்துட்ட."

கொழுந்தன் குறுக்கே வந்தான். "அண்ணி, என் கண்ணு என் தப்பு. அதுக்கு அண்ணன ஏன்..."

"நீ வாய மூடு."

என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி, அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு.

இரண்டு நாள் கழித்துச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். கண்ணாடி போட்ட, அவசரமில்லாத அம்மா. சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கவர்கள் வைத்திருந்தார். நான் அவரை நேராக முன்னறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். சிவப்புக் கோட்டைக் காட்டி, குழந்தையை இதற்குள் விட்டதே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். ஈரத் துணித்துண்டால் தரையைத் துடைத்து, துண்டை ஒரு கவரில் போட்டார். என் வீட்டுக்காரரின் சட்டையை நானே கொண்டுவந்து நீட்டினேன். அதையும் துடைத்தார். கொட்டகையைப் பார்த்தார். திரும்பும்போது பெட்டிகள் முன்னால் நின்றுவிட்டார்.

"இது என்னம்மா?"

"கீரைங்க. ரத்தம் கம்மின்னாங்க, நானே போட்டேன். பெட்டிய நாலு தரம் கழுவியிருக்கேன், சொட்டு ஆசிட் கெடையாது."

"மண்ணு எங்க எடுத்தீங்க?"

மூலையைக் காட்டினேன். அவர் அந்த மூலைக்குப் போய், குனிந்து, கையுறை போட்ட விரலால் மண்ணைக் கிளறினார். அரிசி அளவு ஒரு ஈயத் துணுக்கு மினுங்கியது. மூலை மண்ணில் கொஞ்சம், பெட்டி மண்ணில் கொஞ்சம், ஒரு பிடி கீரை என்று எடுத்துக்கொண்டார். முடிவு வரும்வரை குழந்தையை இங்கே விளையாட விட வேண்டாம், இதைச் சமைக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் கேட்டேன். ஆனால் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் மனசு முழுக்க அந்தச் சட்டையில் இருந்தது. சமையல் மட்டும் நின்றது. அதுவும் குழந்தைக்கு அந்த வாரம் கஞ்சிதான் இறங்கியது என்பதால்.

அந்த வாரம் நான் அவரோடு பேசவில்லை. பேசவில்லை என்றால் நல்ல வார்த்தை பேசவில்லை. தட்டை நகர்த்தி வைப்பேன், சாப்பிட்டால் சாப்பிடட்டும். குழந்தைப் பக்கம் வந்தால் கையைக் கழுவு என்பேன், கழுவிவிட்டு வந்தால் மறுபடி கழுவு என்பேன். அவர் மறுபடி போய்க் கழுவினார். ஒரு மனுஷன் எத்தனை தரம் கை கழுவ முடியும் என்று எண்ணிப் பார்க்கும் புத்தி எனக்கு அப்போது இல்லை.

வாரக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு அவர் மட்டும் போய் வந்தார். "முடிவு வந்துருச்சு" என்றார். "என் சட்டைதானாம். தூசு."

"நான் சொல்லல?"

"சொன்ன."

மறுநாள் காலை பார்த்தால் பெட்டிகள் ஐந்தும் இல்லை. மூலையில் தார்ப்பாய் விரித்து, நாலு பக்கமும் கல் வைத்திருந்தார். ஈயம் எடுக்கிறவர் பெட்டியும் கேட்டார், ஏற்றிவிட்டேன் என்றார். நான் குதித்தேன். "புள்ளைக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் வித்துத் தின்னுட்டியா?" என்று கேட்டேன். இந்த வாயால்தான் கேட்டேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு அறை பார்த்திருக்கிறேன், சாமான் எதுவும் எடுக்க வேண்டாம், துணிகூடப் புதிது வாங்கிக்கொள்ளலாம், நீயும் குழந்தையும் முதலில் போங்கள் என்றார். போனோம். அவர் கடையிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு, வாசலில் நின்று குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவார். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை.

மருந்து ஒரு சுற்று முடிந்து, மறுபடி ரத்தம் எடுக்கப் போன நாள். ஆஸ்பத்திரி நடையில் அந்தக் கண்ணாடி அம்மா எதிரே வந்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "கீரைய நிறுத்தினது நல்லதாப் போச்சும்மா" என்றார்.

"எந்தக் கீரைய?"

"பெட்டிக் கீரைதாம்மா. உங்க வீட்டுக்காரர் சொல்லலியா? அவர்கிட்ட எல்லாம் விளக்கமாச் சொன்னேனே. அன்னிக்கே தூக்கிடுறேன்னாரு."

என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பையிலிருந்த காகிதக் கட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினார். வரி வரியாக எழுதியிருந்தது. முன்னறைத் தரை, சட்டை, மூலை மண், பெட்டி மண், கீரை. பக்கத்தில் எண்கள். தரையும் சட்டையும் இருக்க வேண்டியதைவிட அதிகம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மூலை மண்ணுக்கு நேராக இருந்த எண்ணை நான் மூன்று தரம் படித்தேன். சட்டை அதற்குப் பக்கத்தில் வரவே முடியாது. பெட்டி மண்ணும் அப்படித்தான். கீரைக்கு நேராகவும் ஒரு எண் இருந்தது.

"மண்ணுல விளையாடுனதுதாம்மா முதல் காரணம். கையில ஒட்டினது வாய்க்குப் போகும். கீரை வந்தப்புறம் அது இன்னும் கூடியிருக்கும். ஈயம் ஆசிட் மாதிரி இல்லம்மா, சோடாவுக்கெல்லாம் நுரைக்காது" என்றார். நல்ல மனுஷி. குற்றம் சொல்லும் குரலே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

குழந்தையைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். அவர் பின்பக்கம் இருந்தார். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, மூலையில் தார்ப்பாயின் மேல் சிமென்ட் கொட்டிப் பூசிக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்ததும், "இங்க வராத" என்று கையைக் காட்டினார். நிலைப்படியிலேயே நின்றேன்.

"சட்டைதான்னு ஏன் சொன்னீங்க?"

'நீங்க' தானாகத் திரும்பி வந்திருந்தது. அவர் கரணையைக் கீழே வைத்தார். வாய்த்துணியை இறக்கினார்.

"சட்டையிலயும் இருந்துச்சே."

"ஏன் சொல்லல?"

"எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம்" என்றார். "உனக்குப் பழக்கமில்ல."

அப்புறம் அவராகவே, "நானும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன். அந்த மண்ணான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. நாலு தரம் கழுவினேன்னு சொன்ன. சரி, நுரை நின்னுருச்சேன்னு நானும் நெனச்சேன்" என்றார்.

எந்தப் பேச்சுக்கும் பதில் வைத்திருக்கிறவள் நான். கோபத்துக்கு ஒன்று, கிண்டலுக்கு ஒன்று, வாயடைக்க ஒன்று. அந்த நிலைப்படியில் நின்றுகொண்டு எதையும் தேடிப் பார்க்கக்கூட முடியவில்லை. முன்னறை நிலைப்படியில் நான் இழுத்த சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. கோட்டின் தப்பான பக்கத்தில் என் குழந்தையைக் கொண்டுபோய் உட்கார வைத்து, கையில் கரண்டியும் கொடுத்துவிட்டு, நிம்மதியாகச் சமைத்திருக்கிறேன். நாலு வருஷம்.

அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். அவர் பக்கத்தில் வரவில்லை. கையெல்லாம் சிமென்ட், உடம்பெல்லாம் தூசி. வரக் கூடாது என்று நான்தானே சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது வாயாடிக்கு முப்பத்தொன்று. வயதைச் சொல்லவில்லை, ரத்தத்தைச் சொல்கிறேன். இறங்குகிறது என்று டாக்டர்ப் பெண் சந்தோஷப்படுகிறாள். வயிற்று வலி நின்றுவிட்டது. அவருக்கும் மருந்து நடக்கிறது. உடைக்கிற வேலையை விட்டுவிட்டார், சார்ஜ் போடுவது மட்டும். நாள் முடிந்ததும் கடையில் குளித்துவிட்டு இந்த அறைக்கு வந்து சாப்பிடுகிறார். நான் கை கழுவச் சொல்வதில்லை. அவராகவே இரண்டு தரம் கழுவுகிறார்.

கீரையை விடக் கூடாது, நல்ல இடத்தில் விளைந்த கீரையாகக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். வண்டிக்காரனை நிறுத்தி, எங்கே விளைந்தது, எந்தத் தண்ணீர் என்று குறுக்கு விசாரணை செய்து, ஒரு கட்டு வாங்கினேன். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கிள்ளக் கொடுத்தேன். ஒவ்வொரு தண்டாகக் கிள்ளித் தட்டில் போட்டு எண்ணினாள். வேகம் இல்லை, ஆனால் எண்ணினாள். பன்னிரண்டு வந்தது. கையில் அடுத்த தண்டை வைத்துக்கொண்டு நின்றாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் வாயையே பார்த்தேன். பதிமூன்று என்று நான் சொல்லிவிட்டால் அவளும் சொல்வாள். சொல்லிக் கொடுக்காமல் வருகிறதா பார் என்றிருக்கிறாள் டாக்டர்.

வரவில்லை. தண்டைத் தட்டில் போட்டாள். சமைத்துப் பிசைந்து முதல் வாயை நீட்டினேன். நாக்கால் தள்ளினாள். இப்போதெல்லாம் அவள் பேசுவது இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. அதையும் தேடி எடுத்துத்தான் பேசுகிறாள்.

"இது வேணாம்" என்றாள். "அம்மா கீரை."

"அது இனிமே கெடையாதுடி."

என்னை உற்றுப் பார்த்தாள். அவளுக்குள் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது. பழைய வாயாடி எங்காவது எட்டிப் பார்க்கிறாளா என்று நானும் பார்த்தேன். கடைசியில் அவளுக்கு அகப்பட்டது. என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் தன் வாய்க்கு நேராக இழுத்துக்கொண்டு கேட்டாள்.

"நீ தந்தியே?"